தகப்பன் முகம் காணாதவன்

செனன் டால்ட்டி பிறக்கும்போதே ஓர் உத்தியோகத்தோடு பிறந்தவன். அதனால்தானோ என்னவோ, வாழ்நாளில் வேறு வேலை எதையும் அவன் தேடிப் போனதில்லை.

அவன் தாயார் நாப்லா அவனை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தபோது, தகப்பன் மைல்ஸ் டால்ட்டி, சதுப்பில் வெட்டிக் காயவைத்த எரிமண்ணைப் படகில் ஏற்றிக்கொண்டு ஷானன் என்ற ஐரிஷ் கழிமுகத்தின் வழியே லிமெரிக் நகருக்குப் புறப்பட்டான். மறுநாள் படகு கவிழ்ந்து கரை ஒதுங்கியது. துடுப்பு ஒதுங்கியது. மைல்ஸ் ஒதுங்கவில்லை. கில்மோரன் பங்கு, அதாவது அந்தக் கோவிலைச் சேர்ந்த ஊர் முழுக்கத் திரண்டு போய்த் துக்கம் விசாரித்தது. விசாரித்தவர்கள் நாப்லாவின் வயிற்றைப் பார்த்த பார்வையில் இரக்கம் பாதி, எதிர்பார்ப்பு பாதி. ஏனென்றால் மேற்கு கிளேர் வட்டாரத்தில் கைக்குழந்தை வைத்திருக்கும் எவளுக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு: தகப்பன் முகத்தைக் காணாத பிள்ளை வாய்க்குள் ஊதினால் அக்கரம் ஓடிவிடும். நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் தெளித்தாற்போல வெள்ளையாகப் படிந்து, பிள்ளையைப் பால் குடிக்கவிடாமல் வீறிட வைக்குமே, அந்த அக்கரம். பக்கத்துப் பங்கில் அப்படி ஊதுகிறவர் ஒருவர் இருந்தார். எங்கள் பங்கில் இல்லை. அது ரொம்ப நாளாகவே எங்களுக்கு ஒரு மானப் பிரச்சினை.

செனன் பிறந்தான். ஞானஸ்நானத் தண்ணீர் காயும் முன்பே முதல் நோயாளியைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு குழந்தையின் வாய்க்கு மேலே இன்னொரு குழந்தையின் வாயைக் கவிழ்த்துப் பிடித்தார்கள். செனனுக்கு ஊதத் தெரியவில்லை. அழுதான். அழுகையிலும் மூச்சு இருக்கிறதல்லவா, அதையே கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். நோயாளிக்குச் சுகமாகிவிட்டது.

அன்றிலிருந்து அவன் வேலைக்கு லாயக்கில்லாதவனாக வளர்க்கப்பட்டான். வயலில் இறக்கினால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் மூச்சு கெட்டுப்போகும். மூச்சு கெட்டால் பங்குப் பிள்ளைகளின் கதி என்ன? ஆகவே முதலில் நாப்லா உருளைக்கிழங்கு தோண்டினாள். பிறகு அவன் கட்டிக்கொண்டு வந்த வினிஃப்ரெட் தோண்டினாள். அவன் மேல்பாதி தனியாகத் திறக்கும் அரைக்கதவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி தன் மூச்சைப் பாதுகாத்தான்.

முறை இதுதான்: வெறும் வயிற்றோடு ஊத வேண்டும். திங்கள் ஒரு தடவை, வியாழன் ஒரு தடவை, மறு திங்கள் ஒரு தடவை. காசு வாங்கக் கூடாது, வந்தவர்கள் நன்றி சொல்லக் கூடாது. இரண்டில் எது நடந்தாலும் பலிக்காது. முட்டை, வெண்ணெய், புகையிலை, ஒரு கால் பன்றிக்கறி இவையெல்லாம் காசு அல்ல என்பதில் பங்கில் இரண்டு கருத்து இருந்ததில்லை. அக்கரம் எட்டு நாளில் தானாகவே போய்விடும் என்று அரசாங்க டாக்டர் சொல்லிப் பார்த்தார். அவர் அதை ஒரு முட்டைகூட வாங்காமல் இலவசமாகச் சொன்னதால் யாரும் மதிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் லாங்ஃபீல்ட் துரை வந்து சேர்ந்தார். மாஜிஸ்திரேட் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் எங்களுக்கு அபராதம் போட்ட பிறகு, திடீரென்று எங்கள் மீது அன்பு பிறந்து, எங்கள் பழைய கல்லறைகள், புனிதர்களின் கிணறுகள், தேவதைகள் நடமாடும் முட்புதர்கள் எல்லாவற்றையும் பற்றித் தடிமனாக ஒரு புத்தகம் எழுதினார். அதில் செனனுக்கும் ஒரு பக்கம். ‘அரிய வரம் பெற்ற, மதிப்புக்குரிய ஒரு குடியானவர், கிழக்கு முகமாக நின்று மூன்று முறை ஊதுகிறார்’ என்று எழுதியிருந்தார். செனன் அதுவரை எந்தத் திசையையும் பார்த்தவன் அல்ல; எத்தனை தடவை ஊதினோம் என்று எண்ணியவனும் அல்ல. புத்தகம் வந்த பிறகு கிழக்கே திரும்பிக்கொண்டு மூன்று தடவை ஊத ஆரம்பித்தான். அடுத்த வருஷம் துரை மறுபடி வந்து பார்த்துவிட்டு, தான் எழுதியது அப்படியே உண்மையாக இருப்பதைக் கண்டு உருகிப்போனார்.

ஒன்றை மட்டும் செனனுக்காகச் சொல்ல வேண்டும். அவன் ஏமாற்றுக்காரன் அல்ல. ஏமாற்றுவதற்குக் கொஞ்சமாவது உழைக்க வேண்டும். அவன் மனமார நம்பினான். அந்த மூச்சைக் கழித்துவிட்டால் தான் வெறும் சோம்பேறி என்பது அவனுக்கு எங்கோ அடிமனசில் தெரிந்திருந்ததால், இன்னும் கெட்டியாக நம்பினான்.

அவனுக்கு நாற்பத்து மூன்று வயதாகும்போது, ஒரு வியாழக்கிழமை காலையில், அரைக்கதவருகே நின்று ஒரு குழந்தையின் வாயில் இரண்டாவது தடவையாக ஊதிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு கேட் மாரினன் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையில் ஓடிவந்தாள்.

“செனன்! கண்ணை மூடு! கண்ணை மூடுய்யா! உங்கப்பன் வர்றான்!”

மனுஷன் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எதையும் செய்ததில்லை. இமையை இறுக்கிக்கொண்டு, மூன்றாவது ஊதலைக் குழந்தையின் காதில் ஊதினான்.

அவள் சொன்னது நிஜம்தான். கில்ரஷ் ரயிலில் இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தான் மைல்ஸ் டால்ட்டி. எழுபதை நெருங்கும் வயது, அகல விளிம்பு வைத்த அமெரிக்கத் தொப்பி, வாயில் ஒரு தங்கப் பல். வாசலில் நின்று, காலையில் போய்விட்டு மாலையில் திரும்பியவனைப் போலக் கேட்டான்:

“என்ன நாப்லா, அடுப்புல ஏதாவது இருக்கா?”

நாப்லா கதவைத் திறக்கவில்லை. “நீ செத்துப்போயிட்ட. வருஷா வருஷம் நவம்பர் மாசம் உன் ஆத்துமாவுக்குப் பூசை வச்சிருக்கேன். உத்தரிக்கிற ஸ்தலத்துல நீ வேகுறேன்னு நினைச்சு முழங்கால் தேய ஜெபமாலை சொல்லியிருக்கேன். அதையெல்லாம் யாரு எனக்குத் திருப்பித் தருவா?”

“படகு கவுந்துடுச்சு நாப்லா. மரம் ஏத்திக்கிட்டு கியூபெக் போற கப்பல்காரன் என்னைத் தூக்கிப் போட்டுக்கிட்டான்.”

“கியூபெக்குல காகிதம் இல்லையா, பேனா இல்லையா?”

“இருந்துச்சு. முதல் வருஷம் எழுதல. ரெண்டாவது வருஷம், ஏன் முதல் வருஷம் எழுதலன்னு கேப்பியேன்னு கூச்சமா இருந்துச்சு. அப்புறம் அந்தக் கூச்சம் வளர்ந்துக்கிட்டே போச்சு.”

“செத்தவனுக்குப் பசிக்காது. போ.”

மைல்ஸ் கண் மூடி நின்றிருந்தவனைப் பார்த்தான். “இவன்தான் நம்ம பையனா? ஐயோ பாவம், குருடா?”

“கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியும். மத்ததுதான் ஒண்ணும் கிடையாது,” என்று சொல்லிவிட்டு நாப்லா மேல்கதவையும் சாத்தினாள்.

மைல்ஸ், கான்சிடைன் என்பவனின் சாராயக் கடை மாடியில் தங்கிக்கொண்டான். ஊர் கொல்லன் பட்டறையில் கூடியது. கொல்லன் டாட் லில்லிஸ்தான் எங்கள் பங்கின் வேதசாஸ்திரி. பிரச்சினை சின்னதல்ல. செனன் பிறந்த நாளிலிருந்து தகப்பன் உயிரோடுதான் இருந்திருக்கிறான் என்றால், ஊதியதெல்லாம் என்ன?

“தகப்பன் செத்தப்புறம் பிறந்தவனுக்குத்தான் வரம்னு எங்கம்மா சொல்லும்,” என்று எவனோ ஆரம்பித்தான்.

லில்லிஸ் சம்மட்டியைக் கீழே வைத்தான். “அப்போ உன் மூணு பிள்ளைங்களுக்கும் சுகமானது எப்படி? எட்டு நாள்ல தானாவே போயிடும்னு டாக்டர் சொன்னாரே, அதை ஒத்துக்கறியா?”

ஒத்துக்கொள்ள யாரும் தயாராயில்லை. அதை ஒத்துக்கொண்டால், நாற்பத்து மூன்று வருஷமாக ஒரு முழுப் பங்கும் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு சோம்பேறி வீட்டுக்கு நடந்த முட்டாள்கள் என்று ஆகிவிடும். ஆகவே பட்டறையில் தீர்ப்பாயிற்று: தகப்பன் சாவது முக்கியம் அல்ல, பிள்ளை அவன் முகத்தைப் பார்க்காமலிருப்பதுதான் முக்கியம். செனன் பார்க்கவில்லை. இனியும் பார்க்காதிருந்தால் வரம் பத்திரம்.

அதற்கு ஏற்பாடுகள் நடந்தன. மைல்ஸ் சாலையில் நடக்கும்போதெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே நடக்க வேண்டும்; சீட்டி கேட்டால் செனன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். தகப்பனுக்கு ஞாயிறு முதல் பூசை, மகனுக்கு இரண்டாம் பூசை. மூடநம்பிக்கையைக் கண்டித்துப் பீடத்திலிருந்து முழங்கிய பங்குச் சாமியார்தான் இந்தப் பூசைப் பங்கீட்டையும் செய்துகொடுத்தார். கோவிலில் நெரிசலைக் குறைக்கவாம். லாங்ஃபீல்ட் துரை செய்தி கேட்டு மழையில் குதிரைவண்டி பூட்டிக்கொண்டு வந்தார். இரண்டாம் பதிப்பு வரப்போகிறது, இதைவிட என்ன வேண்டும்? மைல்ஸுக்கு ஒரு குவளை கருப்பு பீர் வாங்கிக் கொடுத்து, கெல்டிக் இனத்தின் ஆதிமனம் என்று ஏதோ சொன்னார். மைல்ஸ் இன்னொரு குவளை கேட்டான்.

சில வாரம் இப்படிப் போயிற்று. ஒரு பிற்பகல் கடலோரக் கற்சுவரில் செனன் உட்கார்ந்து மூச்சைப் பாதுகாத்துக்கொண்டிருந்தபோது, சீட்டி இல்லாமலே பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். புகையிலை வாசனை புதுசு. செனன் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

“சீட்டி எங்கே?” என்றான் தொப்பிக்குள்ளிருந்து.

“வாய் வலிக்குதுடா. தங்கப் பல்லு வேற இடிக்குது. ஒரே ஒரு தடவை என்னைப் பாரேன். நான் வேற ஒண்ணும் கேக்கல.”

“பார்த்தா ஊர்ப் பிள்ளைங்க கதி?”

“ஊர்ப் பிள்ளைங்க கதியா, உனக்கு வர்ற முட்டையோட கதியா?”

இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை, அவனும் கேட்டுக்கொண்டதில்லை. “உங்களுக்குப் புரியாது. கைக்குழந்தை பால் குடிக்க முடியாம அழறதை நீங்க பார்த்ததில்ல,” என்றான் கடைசியில். அது உண்மை. சொன்னபோது குரல் கொஞ்சம் நடுங்கியது. தன் குரலில் அப்படி ஒரு நடுக்கம் இருப்பதில் அவனுக்கே திருப்தி.

“அதுவும் சரிதான்,” என்றான் மைல்ஸ். “எந்தக் குழந்தை அழுததையும் நான் பார்த்ததில்ல.” எழுந்து, சீட்டியடித்துக்கொண்டே போனான். சுருதி சேரவில்லை.

அந்தச் சீட்டிதான் கெடுத்தது. இரண்டு நாள் செனனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வினிஃப்ரெட் அதைக் கவனித்தாள், மீந்ததைப் பன்றிக்குப் போட்டாள். மூன்றாம் நாள் காலையில் அவன் கான்சிடைன் கடைக் கொல்லைப்பக்கம் போனான். கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிக் கட்டிய சுவர். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வானம் தெரியும். ஓர் இடுக்கில் கண்ணை வைத்தான்.

மைல்ஸ் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு சவரம் செய்துகொண்டிருந்தான். தொப்பி இல்லை. இரண்டு காதும் குவளைப் பிடி மாதிரி விடைத்துக்கொண்டு நின்றன. கத்தியை வழித்துவிட்டு, முகத்தைக் கோணலாக வைத்து, இடது கன்னத்தை நாக்கால் உள்ளிருந்து தள்ளினான். செனன் தினமும் கண்ணாடியில் பார்க்கிற காதுகள், கண்ணாடியில் பார்க்கிற கோணல். வேறு எதுவும் நடக்கவில்லை. இடி இடிக்கவில்லை. ஒரு கோழி குறுக்கே போயிற்று. செனன் வாயைப் பொத்திக்கொண்டு, இருக்கிற மூச்சும் வெளியே போய்விடுமோ என்று பயந்தவன் போல வீட்டுக்கு ஓடினான். முதல் தடவையாக ஓடினான்.

திங்கட்கிழமை கோரா கினேன் வந்தாள். பன்னிரண்டு மைல் நடை, கையில் பெண் குழந்தை. நாக்கு சுண்ணாம்பு அடித்த சுவர்.

செனன் உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிழக்கே திரும்பி மூன்று தடவை ஊதினான். வியாழனும் ஊதினான். நடுவில் இருந்த இரவுகளில் அவன் வேண்டிக்கொண்டதை எந்தப் புனிதரிடம் வேண்டினான் என்று அவனுக்கே தெரியாது. மறு திங்கள் கோரா துணியை விலக்கினாள். குழந்தை வாயைத் திறந்தது. நாக்கு ரோஜா இதழ்.

இந்த இடத்தில் சாதாரண மனிதனுக்கு ஒரே ஒரு முடிவுதான் தோன்றும். செனன் சாதாரண மனிதன் அல்ல. புத்தகத்தில் ஒரு பக்கம் உள்ளவன். கோரா வைத்துவிட்டுப் போன வெண்ணெயைக்கூட எடுத்து உள்ளே வைக்காமல் கொல்லன் பட்டறைக்கு நடந்தான்.

“நான் அவனைப் பார்த்துட்டேன்,” என்றான்.

சம்மட்டி நின்றது.

“முகத்தை முழுசாப் பார்த்துட்டேன். பார்த்தப்புறம் கோரா கினேன் குழந்தைக்கு ஊதினேன். சுகமாயிடுச்சு. எங்கப்பனைப் பார்த்திருந்தா வரம் போயிருக்கணும். போகல. அப்போ அவன் எங்கப்பன் இல்ல.”

லில்லிஸ் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, செனனின் தலையைப் பக்கவாட்டில் உற்றுப் பார்த்தான்.

“காது?” என்றான் லில்லிஸ், மெதுவாக.

“காது எல்லாருக்கும்தான் இருக்கு.”

லில்லிஸ் யோசித்தான். இதை மறுக்க ஒரே வழிதான் உண்டு, டாக்டர் சொன்ன வழி; அந்த வழியை ஏற்கனவே எல்லோரும் சேர்ந்து கல் வைத்து அடைத்தாகிவிட்டது. “பையன் சொல்றதுல பிசகு இல்ல,” என்றான்.

அரை மணி நேரத்தில் கான்சிடைன் தன் கௌரவமான கடையில் ஆள்மாறாட்டக்காரர்களுக்கு இடமில்லை என்று சொல்லி, மைல்ஸின் பெட்டியைத் தெருவில் வைத்தான். காலையில் இதே மைல்ஸோடு உட்கார்ந்து, சின்ன வயதில் இருவரும் சேர்ந்து திருடிய வாத்தைப் பற்றிச் சிரித்தவன் அவன்தான். பிறகு ஊர் மொத்தமும் மைல்ஸை நடுவில் விட்டுக்கொண்டு நாப்லா வீட்டுக்கு நடந்தது. இவன் தன் புருஷன் அல்ல என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. அவள்தான் முதல் நாளே விரட்டியவளாயிற்றே.

நாப்லா அரைக்கதவில் வந்து நின்றாள்.

“அம்மா, நீ அன்னிக்கே சொன்னது சரி,” என்றான் செனன். “இவன் வேற யாரோ.”

“செத்துட்டான்னு சொன்னேன். வேற யாரோன்னு எப்படா சொன்னேன்?”

“ரெண்டும் ஒண்ணுதானே—”

“உன் புத்திக்கு ஒண்ணுதான். சரி, இவன் உங்கப்பன் இல்ல. அப்போ உங்கப்பன் யாருடா? சொல்லு. ஊரே நிக்குது, சத்தமாச் சொல்லு.”

“மைல்ஸ் டால்ட்டி. கடல்ல போனவரு.”

“இவன்தான் அந்த மைல்ஸ் டால்ட்டி. ஓடிப்போனவன், பொய்யன், ஒரு கடுதாசிக்கு வக்கில்லாதவன். எனக்குத் தெரியாதா? கட்டிக்கிட்டவ நான். இவனை வேற யாரோன்னு சொன்னா, உன்னைச் சுமந்த என்னை என்னன்னு சொல்ற?” ஊர்ப்பக்கம் திரும்பினாள். “டாட் லில்லிஸ், உன் பட்டறையில இதுக்கும் ஒரு தீர்ப்பு இருக்கா?”

லில்லிஸுக்குத் திடீரென்று அடுப்பில் விட்டுவந்த இரும்பு ஞாபகம் வந்தது. கூட்டத்தில் மற்றவர்களுக்கும் ஆளுக்கு ஒரு இரும்பு ஞாபகம் வந்தது.

நாப்லா கீழ்க்கதவைத் திறந்தாள். “உள்ள வா, மைல்ஸ். காலைத் துடைச்சிட்டு வா. உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதே. ஊர்ல உன்னைவிட மட்டமானவன் ஒருத்தன் இருக்கான்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது, அவனையே நான் வீட்டுல வச்சுச் சோறு போடுறேன்.”

“அம்மா, அந்நிய ஆம்பளைய வீட்டுக்குள்ள—”

“குத்தகை நிலம் உழுதவங்களுக்கேன்னு சட்டம் வந்தப்போ இந்த வீட்டையும் நிலத்தையும் யாரு பேர்ல எழுதினாங்க? உன் பேர்லயா, என் பேர்லயா? வழிவிடு.”

மைல்ஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மகனைக் கடந்து உள்ளே போனான்.

அன்றிலிருந்து ஒரே மேஜையில் நான்கு பேர். தாயாருக்கு அவன் புருஷன். மகனுக்கு அவன் ‘மிஸ்டர்’. “மிஸ்டர், அந்த உப்பை இப்படித் தள்ளுங்க” என்பான் செனன். மைல்ஸ் தள்ளுவான். அடுத்த வாரம் வந்த தாய்மார்கள் மேஜையில் உட்கார்ந்திருந்த இரண்டு ஜோடிக் காதுகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைக்கு வாய் வெந்துபோயிருக்கிறது, இப்போது போய்க் காதைப் பற்றி யார் பேசுவார்கள்? துரை இரண்டாம் பதிப்பில், ஐரிஷ் குடியானவனின் தர்க்கத் திறமை என்ற தலைப்பில் நான்கு பக்கம் சேர்த்தார்.

இதில் செனன் கணக்குப் போடாத ஒன்று நடந்தது. அவனுக்கு மிஸ்டரைப் பிடித்துப்போயிற்று.

மைல்ஸ் நன்றாகப் பொய் சொல்வான். கனடாக் காட்டில் கரடியோடு பீர் குடித்த கதையைச் சொல்வான். வினிஃப்ரெட் யாராவது கிழங்கு தோண்ட வருகிறீர்களா என்று கேட்டால், இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்து, ஒரே குரலில், “மழை வர்ற மாதிரி இருக்கே” என்பார்கள். வேறு யாரும் சிரிக்காத இடத்தில் இருவரும் சிரிப்பார்கள். நாற்பத்து மூன்று வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்குத் தகப்பன் கிடைத்திருந்தான். ஆனால் திங்கள், வியாழன், திங்கள் என்று சுகமாகிப் போகிற ஒவ்வொரு குழந்தையும், மிஸ்டர் அவனுடைய தகப்பன் அல்ல என்று அரைக்கதவில் வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போயிற்று. பட்டறையில் அவனே வைத்த நியாயம். மாற்றிச் சொன்னால் மூச்சு போய்விடும். மூச்சு போனால் அவனிடம் மிச்சம் என்ன?

ஒரே ஒரு குழந்தைக்கு, ஒரே ஒரு தடவை பலிக்காமல் போனால் போதும். தன் தவறு இல்லாமல் வரம் போய்விட்டது என்று ஆகும். அப்புறம் அந்த ஆளை வாயார அப்பா என்று கூப்பிடலாம்.

குளிர்காலம் தொடங்கிய ஒரு திங்கட்கிழமை கேட் மாரினனின் மகள் தன் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பையன் வீறிட்டான். அடுப்பருகே உட்கார்ந்திருந்த மைல்ஸ் எழுந்து வந்து, “ஐயோ, என்ன இப்படி அழறான்!” என்று குனிந்து பார்த்தான். செனன் கிழக்கே திரும்பினான். முதல் தடவை ஊதினான். இரண்டாம் தடவை ஊதினான். மூன்றாவது தடவை உதட்டை மட்டும் குவித்தான், ஊதவில்லை. வியாழனும் அப்படியே. மறு திங்களும் அப்படியே.

பையனுக்குச் சுகமாகிவிட்டது. கேட் மாரினன் ஒரு வாத்து கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனாள்.

“நல்ல கொழுத்த வாத்து,” என்றான் மைல்ஸ்.

“ஆமா, மிஸ்டர்,” என்றான் செனன்.